சீம்பால் போன வழி: புளியந்தோப்பில் ஒரு மாட்டுக் கொட்டாய், ஒரு வீடியோ, பதினோரு மாதங்கள்

பின்னணி

புளியந்தோப்பு பக்கம் ஒரு சந்தில், வீட்டை ஒட்டிய கல்நார் ஓட்டுக் கொட்டாயில் நான்கு மாடுகள். வளர்ப்பவர் ஐம்பத்தெட்டு வயது அம்மா. கணவர் இல்லை. மகன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். நான்கில் இரண்டு கறவை, ஒன்று இன்னும் சினைப்படாத கிடேரி. நான்காவது, பதினான்கு மாதமாக வற்றிப்போன கிழட்டு மாடு. எல்லாமே கலப்பினம். நாளொன்றுக்குக் கிடைக்கும் 13 லிட்டர் பால், சுற்றியுள்ள 26 வீடுகளுக்கு லிட்டர் 60 ரூபாய்க்குப் போகும். ஆவின் நீலப் பாக்கெட் அப்போது லிட்டர் 40 ரூபாய்தான். இருந்தும் கண் எதிரே கறந்த பால் என்பதற்காக அந்த வீடுகள் கூடுதலாகக் கொடுத்தன. தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் என்று தினம் 450 ரூபாய் செலவு போக, மிச்சம் முந்நூற்றுச் சொச்சம். மழையில் வைக்கோல் விலை ஏறினால் அதுவும் நிற்காது.

சென்னையில் மாடு வளர்ப்பது இன்று நேற்று வந்ததில்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெரம்பூர், அயனாவரம் என்று பழைய பேட்டைகளில் மாட்டுக் கொட்டாய்கள் இருந்தன. நகரத்து மாடுகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோக மாதவரத்தில் பால்பண்ணையே அமைத்தார்கள். அதில் இடம் கிடைக்காதவர்களும் போக மனமில்லாதவர்களும் சந்துகளிலேயே தங்கிவிட்டார்கள். மேய்ச்சல் நிலம் போய்விட்டது, மாடு மட்டும் இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நகரத்தில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும். இந்த அம்மாவிடம் உரிமம் இல்லை.

நான் கால்நடை மருத்துவர். அந்த வட்டாரத்தில் பல வருடங்களாகத் தனியாகப் பார்க்கிறேன். இந்த வீட்டு மாடுகளுக்கும் நான்தான் டாக்டர். இந்தக் கொட்டாயை வீடியோ எடுத்து வெளியிட்ட இளம்பெண்ணின் தெரு நாய்களுக்கு ஊசி போட்டவளும் நான்தான். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். இதைப் படிப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டே படிக்க வேண்டும்.

2024 ஜனவரி: கன்று

ஜனவரி 9ஆம் தேதி காலையில் முதல் கறவை ஈன்றது. காளைக்கன்று. நஞ்சுக்கொடி விழவில்லை என்று மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். போய் வேலையை முடித்தேன். வாசலில் நான்கைந்து வீட்டுப் பெண்கள் தூக்கோடு நின்றிருந்தார்கள். சீம்பாலுக்கு. ஏலக்காயும் வெல்லமும் போட்டு வேகவைத்தால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும், வருடத்தில் ஓரிரு முறைதான் கிடைக்கும். நான் கிளம்பும்போது எனக்கும் ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. வாங்கிக்கொண்டு வந்தேன்.

பத்து நாளில் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. கடைசி இரண்டு நாள்தான் எனக்குச் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றியும் 28ஆம் தேதி செத்துப்போனது.

கன்று ஊட்டினால்தான் பால் சுரக்கும் என்று பழகிய மாடு அது. கன்று போனதும் மடியை அடக்கிக்கொண்டது. மூன்றாம் நாள், பேட்டையில் இதற்கென்றே தெரிந்த ஒரு பெரியவரை வைத்து, கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தைத்துத் தோல்கன்று செய்துகொண்டார்கள். கறக்கிற நேரத்தில் அதில் உப்பும் தவிடும் தடவித் தாயின் முன்னால் வைப்பார்கள். மாடு நக்கும், பால் இறங்கும். எங்கள் பாட்டன் காலத்து வழக்கம்தான், கிராமங்களில் இன்னும் உண்டு.

பிப்ரவரி: வீடியோ

பிப்ரவரி 18ஆம் தேதி, அதே சந்தில் தெரு நாய்களுக்குச் சாப்பாடு வைக்க வந்த விலங்குரிமை ஆர்வலர் ஒருவர் கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்து இதைப் படம் எடுத்துவிட்டார். மென்பொருள் வேலையில் இருக்கும் இருபத்தேழு வயதுப் பெண். ஒன்றரை நிமிடக் காட்சி. தோல்கன்றை நக்கும் தாய், அடியில் பால் கறக்கும் கை, சன்னல் திட்டில் ஒரு ஊசிச் சிரிஞ்சு. இரவுக்குள் ஆயிரக்கணக்கில் பகிர்ந்துவிட்டார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2023 ஆகஸ்டில், அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சியை ஊரே பார்த்திருந்தது. மாட்டுக்காரர் என்றாலே கோபம் வரும் நேரம். இந்த வீடியோவும் சேர்ந்ததும், அந்த அம்மாவின் மகனுடைய கைபேசி எண் எப்படியோ வெளியே போய், முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டுச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். வாடிக்கை வீடுகள் 26லிருந்து 14 ஆயின. மீதிப் பாலை டீக்கடைக்கு லிட்டர் 42 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நின்றுபோன வீடுகளில் சீம்பாலுக்குத் தூக்கோடு வந்த வீடுகளும் உண்டு.

ஆர்வலர் குழு காவல் நிலையத்தில் மனு கொடுத்தது. மூன்று குற்றச்சாட்டுகள்: மாடுகளைக் குறுகிய கயிற்றில் நாள் முழுக்கக் கட்டுகிறார்கள், பால் இறங்க ஊசி போடுகிறார்கள், கன்றைச் சாகவிட்டு அதன் தோலைக் காட்டித் தாயை ஏமாற்றுகிறார்கள். நான்கு மாடுகளையும் பறித்துக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார் ஆய்வாளர். அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மாவும் கூப்பிட்டார்.

பிப்ரவரி 22: பார்த்தது

இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அளந்தேன்.

கயிறு இரண்டே கால் அடி. மாடு படுக்கலாம், எழுந்திருக்கலாம். தலையைத் திருப்பித் தன் விலாவை நக்க முடியாது, ஈ மொய்த்தால் துரத்த முடியாது. கொட்டாய் 11 அடிக்கு 18 அடி, அதில் ஒரு மூலை முழுக்க வைக்கோல். ஒரு கறவைக்கு மூன்றரைச் சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடிக்குக் குறையாமல் கூரைக்கடியில் இடம் வேண்டும் என்பது கணக்கு. தீவனத் தொட்டி, நடக்கிற இடம், வைக்கோல் போக மூன்று மாட்டுக்குச் சரியாக இருக்கும். நான்காவது, அந்தக் கிழட்டு மாடு, அதனால்தான் பகலெல்லாம் தெருவில் நின்றது. அதன் இடது வயிற்றை அழுத்தினால் பிசைந்த மாவு போல இல்லாமல் திண்ணென்று இருந்தது. குப்பைத் தொட்டியில் மேய்கிற மாட்டுக்கு அப்படித்தான் இருக்கும். 2019இல் திருமுல்லைவாயலிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள்.

தரை கடப்பாக்கல், எப்போதும் ஈரம். மூன்று மாடுகளுக்குப் பின்னங்கால் முட்டியில் வீக்கம், ஒன்றுக்குத் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் காலையும் மாலையும் வாளியில். கறவை மாடு வெயில் நாளில் 80 லிட்டருக்கு மேல் குடிக்கும். வாளியைத் தூக்குகிறவர் முதுகு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இங்கே கிடைத்தது.

சன்னலில் இருந்த சிரிஞ்சில் ஊசி முனை இல்லை. கிடேரிக்குக் குடற்புழு மருந்தை வாயில் ஊற்ற நான் கொடுத்தது அது. அந்தப் பெண் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் அந்தண்டை போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்ன போட்டுக்கிறோம் டாக்டரம்மா. ரெண்டு வருசம் ஆவுது விட்டு. பொய் சொல்ல எனக்கு வாய் வரல” என்றார். ஆக்ஸிடோசின். அந்த ஊசி பாலைப் பெருக்குவதில்லை, இருக்கிற பாலை இறக்கும், அவ்வளவுதான். தினமும் போட்டால் ஊசி இல்லாமல் மாடு பால் விடாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மாட்டின் உடம்பைக் கெடுக்கும்படி பாலுக்காக ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. இந்தப் பேச்சை நான் என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிறகு தோல்கன்றைக் கொண்டுவரச் சொன்னேன். என் மடியில் வைத்துப் பார்த்தேன். வயிற்றடியில் சாக்குத் தைக்கிற நூலில் தையல். கழுத்துப் பக்கம் முடியெல்லாம் உதிர்ந்து தோல் மினுமினுத்தது. மூன்று வாரம் தாய் நக்கிய இடம். அந்தப் பெண் அதைப் பார்த்து அழுதுவிட்டார். அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை, பிறகு கோபம் வந்தது. “இன்னா பாப்பா, ஊசி போட்டா தப்புன்ற. இத்த வெச்சா பாவம்ன்ற. மாடு கன்னத் தேடி ராவெல்லாம் கத்துச்சே, அன்னிக்கி நீ எங்க இருந்த? நக்கறதுக்கு அதுக்கு ஒண்ணு வேணாமா?”

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, இருவருமே தோலைப் பற்றிப் பேசுகிறார்கள், கன்று ஏன் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் உட்பட.

கேட்டேன். பிறந்த அன்று கன்று எவ்வளவு குடித்தது? ரெண்டு வாய் ஊட்டவிட்டோம், அதிகம் குடித்தால் கழியும் என்றார். முதலில் கறந்த பால் எங்கே போனது? தூக்குகளில்.

மனிதக் குழந்தைக்குக் கருப்பையிலேயே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அது கிடையாது, சீம்பாலில் மட்டும்தான் வரும். குடல் அதை உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான் நன்றாக நடக்கும், ஒரு நாளில் அந்த வழி மூடிக்கொள்ளும். 25 கிலோக் கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் போயிருக்க வேண்டும். அது தெரு முழுக்க வெல்லத்தோடு வெந்துகொண்டிருந்தது. என் வீட்டு அடுப்பிலும்.

மார்ச் 3: எடுத்த முடிவுகள்

என் கிளினிக்கில் உட்கார்ந்தோம். அந்த அம்மா, மகன், ஆர்வலர்கள் மூன்று பேர், நான்.

மாடுகளைப் பறிப்பதா என்பதுதான் முதல் கேள்வி. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அநியாயமாகக் குறுகிய கயிற்றில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஆனால் வழக்கு நடக்கும் காலத்தில் மாட்டைக் காப்பகத்தில் வைத்தால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி பராமரிப்புச் செலவு வளர்த்தவர் தலையில் விழும். இந்தக் குடும்பம் அதைக் கட்டி மாட்டை மீட்காது. அந்த அம்மா அடுத்த தெருவில் வேறு இரண்டு மாடு வாங்குவார், இதே கயிறு, இதே கடப்பாக்கல். கறவையில் இருக்கும் மாட்டையும் இரண்டரை மாதச் சினை மாட்டையும் கூட்டமான காப்பகத்துக்கு லாரியில் ஏற்றுவது மாட்டுக்கும் நல்லதில்லை. பறிக்க வேண்டாம், ஆனால் கயிறு, தரை, தண்ணீர் ஆகியவற்றில் குறை உண்டு, அறுபது நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஊசி விஷயத்தை அன்று அந்த அம்மாவே சபையில் சொன்னார். முந்தின நாள் நான் கேட்டுக்கொண்டது அது: நான் சொல்லமாட்டேன், நீங்கள் சொன்னால்தான் அவர்கள் உங்களை நம்புவார்கள் என்று. மருத்துவரிடம் சொன்னதை வெளியே விடுவது சரியில்லை, மறைத்துவிட்டு நடுவராக உட்கார்வதும் சரியில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆர்வலர்களில் ஒருவர் அத்துடன் எழுந்துவிட்டார். கயிற்றை நீட்டுவதும் பாய் போடுவதும் அடிமைத்தனத்துக்கு மெத்தை போடுவது, கன்றுக்கான பாலை மனிதன் எடுப்பதே தவறு என்பது அவர் வாதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவுகோல் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் திரும்பி வரவில்லை.

மற்றவர்களோடு முடிவானவை: கயிறு ஆறு அடி, மூக்கிலிருந்து கழுத்துக்கு மாற்றம். மூன்று மாட்டுக்கும் ரப்பர் பாய், ஒன்று 2,200 ரூபாய், பணத்தை ஆர்வலர்கள் திரட்டுவது. டிரம்மிலிருந்து குழாய் இழுத்து, மிதவை வால்வு போட்ட தொட்டி. நான்காவது மாட்டுக்கு வெளியே இடம். இனி ஈனும் மாட்டின் முதல் நாள் சீம்பால், கன்று குடித்து மீந்தால்தான் வெளியே.

தோல்கன்றில்தான் இழுபறி. அன்றே எரித்துவிட வேண்டும் என்றார் அந்தப் பெண். மூன்று வாரம் கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் மடியில் பால் கட்டி மடிநோய் வரும். வெந்நீரில் மடியைக் கழுவி, அதே கை, அதே நேரம், கறக்கும்போது முன்னால் தீவனம் என்று பழக்கினால் தோல் இல்லாமலே மாடு சுரக்கும். அவர் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது

முதல் வாரத்தில் 7 லிட்டர் கறந்த மாடு நாலரைக்கு இறங்கியது. தோலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்டினோம், பிறகு தூரத்தில் வைத்தோம். மார்ச் 26ஆம் தேதி தோல் இல்லாமல் முழுதாகக் கறந்தார். ஏப்ரலில் 6 லிட்டரில் நின்றது, ஏழுக்குத் திரும்பவே இல்லை. தோலை மகன் கொண்டுபோய்ப் புதைத்தார். அந்தப் பெண்ணும் கூடப் போயிருந்தார், எனக்குப் பிறகுதான் தெரியும்.

பாய் போட்ட ஐந்தாவது வாரம் முட்டி வீக்கம் வடிந்தது. தண்ணீர்த் தொட்டி வந்த முதல் நாள் மூன்று மாடும் மாறி மாறிப் போய்க் குடித்ததைப் பார்த்து அந்த அம்மா நெடுநேரம் பேசாமல் நின்றார். “இவ்ளோ நாளு தாகத்தோட இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். கத்திரி வெயிலில் மாடுகள் வாயைத் திறந்து இளைப்பது முந்தைய வருடத்தை விடக் குறைவு. ஓட்டின் மேல் சாக்கு நனைத்துப் போட்டதும் ஒரு காரணம்.

கிழட்டு மாட்டுக்கு இடம் கிடைக்கத் தாமதமானது. ஜூனில் மாநகராட்சி வண்டி அதைப் பிடித்துப் புதுப்பேட்டைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனது. 5,000 ரூபாய் கட்டி மீட்டார்கள். அதே ஆண்டு அந்த அபராதம் முதல் முறைக்கு 10,000, மறுமுறைக்கு 15,000 என்று ஏறியது. அடிமாட்டுக்கு விற்றால் அன்றே பணம். தரகர் வந்து வாசலில் நின்றார். அந்த அம்மா மறுத்துவிட்டார்: “எட்டு ஈத்து ஈனுச்சு. எம் புள்ளைய படிக்க வெச்சது இது.”

அந்தப் பெண் அலைந்து காப்பகம் பார்த்தார். முதலாவதை அந்த அம்மாவே வேண்டாம் என்றார். சேற்றில் முழங்கால் வரை நின்ற மாடுகளைப் பார்த்துவிட்டு, “எங்கூட்டு கொட்டாயப் படம் புடிச்சியே பாப்பா, இத்தயும் புடி” என்றார். அந்தப் பெண் பிடித்தார், அந்த நிர்வாகத்துக்கே அனுப்பினார். திருவள்ளூர் பக்கம் இரண்டாவது இடம் சரியாக இருந்தது. ஜூலையில் மாட்டை அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் மாதம் ஒருமுறை அந்த அம்மா வாழைப்பழம் கொடுத்துவிட்டு வருகிறார்.

செப்டம்பர் 14ஆம் தேதி இரண்டாவது கறவை ஈன்றது. மறுபடியும் காளைக்கன்று. நான் போகும்போது எழுந்து நின்று ஊட்டிக்கொண்டிருந்தது. ஊட்டியது போக, கறந்து அளந்து இரண்டரை லிட்டர் கணக்கை முடித்தோம். தூக்கோடு வந்தவர்களிடம் அந்த அம்மா, கன்னு குடிச்சி மீந்தாதான், நாளைக்கி வாங்க என்றார். ஒரு வீட்டார் கோபித்துக்கொண்டு பாலை நிறுத்தினார்கள். டிசம்பரில் நாடாவால் மார்புச் சுற்றளவு அளந்தபோது கன்று சுமார் 62 கிலோ.

வாடிக்கை வீடுகள் 21 ஆகியிருக்கின்றன. நடந்த மாற்றங்களை அந்தப் பெண் இன்னொரு வீடியோவாகப் போட்டார். முதலாவதைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே அதைப் பார்த்தார்கள். முதல் வீடியோவை அவர் நீக்கவில்லை, மகனின் எண் தெரியும் பகுதிகளை மட்டும் நீக்கச் சொல்லிப் பலருக்கு எழுதினார். உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், இதை எழுதும்வரை வரவில்லை.

தீராதது ஒன்று: காளைக்கன்று. சந்தில் வளர்க்க இடமில்லை, உழவுக்கு வாங்க ஆளில்லை. வளர வளரத் தீவனச் செலவு கூடும். அடுத்த சினைக்குப் பாலினம் பிரித்த உறைவிந்து போடப் பேசியிருக்கிறோம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரி பிறக்கும். இப்போது நிற்கிற கன்றுக்கு அது வழி இல்லை. அந்தப் பெண் கேட்கிறார், அந்த அம்மா கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பாய்க்கும் தொட்டிக்கும் பணம் திரட்டினோம். தோல்கன்றை விட்ட மூன்று வாரத்தில் குறைந்த பாலுக்கு, ஏறக்குறைய 2,400 ரூபாயை, அந்த அம்மா தனியாகச் சுமந்தார். அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வீட்டில் இப்படி ஒரு மாற்றத்தைக் கேட்டால், பழகும் காலத்து நட்டத்தை முதலில் எழுதி, அதற்குப் பணம் வைத்துவிட்டுத்தான் கேட்பேன்.

கிழட்டு மாட்டின் இடத்தைக் கடைசியில் பார்த்தது தவறு. அதுதான் தெருவில் நின்றது, அதற்குத்தான் ஆபத்து, அதனால்தான் தெருவில் போகிறவர்களுக்கும் ஆபத்து. முதல் வாரமே தேடியிருந்தால் 5,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

படம் எடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: முகமும் எண்ணும் வீட்டு வாசலும் தெரியாமல் எடுங்கள். போடும் முன் அந்த வட்டாரத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த வீடியோவில் சிரிஞ்சு பற்றிச் சொன்னது தவறு, கயிறு பற்றிச் சொன்னது சரி. பார்த்தவர்கள் நினைவில் நின்றது சிரிஞ்சுதான்.

என் பங்கு வேறு. நஞ்சுக்கொடி எடுக்கப் போன அன்று கன்றின் வாயில் விரல் வைத்துச் சூட்டையும் சப்பும் வேகத்தையும் பார்த்திருந்தால், எவ்வளவு குடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தத் தூக்கை வாங்கியிருக்கமாட்டேன். இரண்டாம் நாள் என்பதால் முழுப் பலன் இருந்திருக்காது, ஆனால் கழிச்சல் வருமுன் கண்காணித்திருப்பேன். இப்போது மாடு ஈன்ற வீட்டிலிருந்து போன் வந்தால், நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கேட்கும் முன் கன்று எத்தனை லிட்டர் குடித்தது என்று கேட்கிறேன். பையில் இரண்டரை லிட்டர் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை கிடக்கிறது. அந்தச் சந்தில் இன்னும் ஏழு வீட்டில் மாடு இருக்கிறது. நான்கு வீட்டுக்காரர்கள் குவளையை வாங்கிக்கொண்டார்கள்.